ஃபுல் பவர்

உள்ளேயிருந்து
9 மார்ச் 2025

திவாகருக்கு,

கிஷன் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்கவே யோசித்திருப்பாய். பயப்படாதே. இங்கிருந்து போகும், இங்கே வரும் ஒவ்வொரு கடிதத்தையும் தமிழ் தெரிந்த ஜெயில் அதிகாரி, ஒரு துவான், உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் முத்திரை குத்துகிறார். நல்ல மனுஷன். மிரட்டலோ கெட்ட வார்த்தையோ இருந்தால் கிழித்துப் போட்டுவிடுவார். என் தண்டனைக் குறைப்பும் அதோடு போய்விடும். ஆறு வருஷத்தில் நல்ல நடத்தைக்கு இரண்டைக் கழிப்பார்கள், அடுத்த வருஷம் அக்டோபரில் வெளியே வந்துவிடுவேன். அதனால் இது முழுக்க முழுக்க மரியாதையான கடிதம்.

போன மாதம் என் அறைக்குத் தம்புசாமி என்று ஒரு பெரியவர் வந்தார். இருபது வருஷம் பட்டறையில் வேலை செய்தவர். எல்லாரிடமும் சொல்லும் கதையைத்தான் அவரிடமும் சொன்னேன். கிளேபாங்கில் தேங்காய் ஷேக் கடைக்கு முன்னால் ஷங்கரும் அவன் ஆட்களும் என் தம்பி தினேஷ்வரனைப் பாராங் கத்தியால் வெட்டிய கதை. பதினேழு வெட்டு. ஆஸ்பத்திரியில் துணியை விலக்கி நானே எண்ணினேன். பட்டப்பகலில் நாற்பது பேர் நின்ற இடத்தில் ஒருத்தன்கூடப் பார்க்கவில்லையாம், ஷங்கர் வெளியே வந்துவிட்டான்.

அப்புறம் தஞ்சோங் கிளிங் கடலோர ரோடு. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க வருவான். நான் காத்திருந்து காரை அவன் மேல் விட்டேன். பெடலைத் தரையோடு அமுக்கினேன், திவா. நீ கைவைத்த நானூறு குதிரை கார் அது. ஆனால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி மேட்டில் ஏறுவது மாதிரி முனகிக்கொண்டு போனது. ஷங்கருக்கு வலது கால்தான் போனது. உயிரோடு இருக்கிறான்.

தம்புசாமி கேட்டார்: "ஏன் தம்பி, எஞ்சின் பிரிச்சு வேல செஞ்ச காடியா அது? அப்பன்னா யாரோ கம்ப்யூட்டர்ல லிமிட் வச்சிட்டான் லா."

மூன்று வருஷமாக எஞ்சின் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு உன் பட்டறையில் நான் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "ஃபுல் பவரா?" என்றேன். லேப்டாப்பை மூடிக்கொண்டே "ஃபுல் பவர், மச்சான்" என்றாய்.

ஷங்கர் எப்போது உன்னைப் பார்க்க வந்தான் என்று மட்டும் எழுது. அக்டோபரில் வீட்டுக்குக்கூடப் போகாமல் முதலில் உன்னிடம்தான் வருவேன். உன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சுகம் விசாரிப்பேன்.

கிஷன்


ஆயர் குரோ
30 மார்ச் 2025

கிஷன்,

மூன்று தாளைக் கிழித்துவிட்டு இது நாலாவது.

ஷங்கர் என்னைப் பார்க்கவில்லை. யாரும் வரவில்லை, யாரும் சொல்லவில்லை. நானாகச் செய்தேன்.

உன் எஞ்சினில் போட்டதெல்லாம் புதிய பிஸ்டன், புதிய ரிங். அவை சிலிண்டரோடு தேய்ந்து பழக ஆயிரம் கிலோமீட்டர் ஆகும். அதுவரை டர்போவின் அழுத்தத்தைக் குறைத்து, நானூறு குதிரையை நூற்று அறுபதாகக் கட்டி வைப்பேன். எல்லாருடைய காருக்கும் செய்வதுதான். அப்போதே நீ திட்டினாய்: "என்னாடா இது, கல்யாண ஊர்வலக் காடி மாதிரி போவுது." ஆயிரம் முடியட்டும், வா, அவிழ்த்து விடுகிறேன் என்றேன்.

அறுநூறு ஓடியபோது தினேஷ் போய்விட்டான். பாடையின் பின்பக்கக் கம்பு என் தோளில் இருந்தது, உனக்குத் தெரியும்.

ஆயிரத்து இருபதில் நீ வந்தாய். ஸ்டீயரிங்குக்குக் கீழே கேபிள் மாட்ட நான் குனிந்தேன். சீட்டுக்கு அடியில் தினேஷின் கால்பந்து ஜெர்சி சுருட்டிக் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். உள்ளே பாராங். நீ வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றாய். முகத்தைப் பார்த்தேன், அதுவும் போதுமாக இருந்தது. நூற்று அறுபதுக்கு ஒன்று, நானூறுக்கு ஒன்று என்று லேப்டாப்பில் இரண்டு ஃபைல் இருந்தது. பழையதையே திரும்ப ஏற்றினேன். நூறு சதவீதம் வரை கோடு ஓடி முடிந்தது. நீ கேட்டாய், நான் பொய் சொன்னேன். இந்தத் தொழிலில் ஆளைப் பார்த்து நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

பாராங்கைப் பிடுங்கினால் நீ வேறு வாங்குவாய். பேசினால் கேட்க மாட்டாய். எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதானே? நீ துரத்தும்போது வேகம் குறைந்தால் அவன் தன் காரில் தப்பிப்பான், உனக்கு ஆத்திரம் அடங்கும் என்று கணக்குப் போட்டேன். காரையே ஆயுதமாக எடுப்பாய் என்று நினைக்கவில்லை. தம்பியைப் புதைத்த கையோடு உன்னையும் தூக்குமேடைக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

ஆயிரம் முடியும்வரை ஒவ்வொரு காரிலும் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ரெக்கார்டர் வைப்பேன். அதைக்கூட உன் காரிலிருந்து கழற்றவில்லை. வேலை முடியவில்லை என்று எனக்குத் தெரியுமே. அது இப்போது காரோடு போலீஸ் ஷெட்டில் கிடக்கிறது.

திட்டு. வாங்கிக்கொள்கிறேன்.

திவாகர்


உள்ளேயிருந்து
18 மே 2025

அன்புள்ள திவாகருக்கு,

விளக்கத்துக்கு நன்றி. நான் தூக்கில் தொங்கக் கூடாது என்று முடிவெடுத்த பெரிய மனுஷனுக்கு என் வணக்கம். என் தம்பிக்காக நான் என்ன செய்ய வேண்டும் என்பதையும் நீயே முடிவெடுத்துவிட்டாய். நீ யார்? கேட்கத்தான் செய்கிறேன், துவான், திட்டவில்லை.

மாமா மகன் கணேஸ்வரன் சனிக்கிழமைகளில் என்னைப் பார்க்க வருகிறான். போன வாரம் ஒரு சேதி சொன்னான். ஷங்கர் உன் பட்டறைக்கு வந்தானாம். வலது கால் இல்லாததால் இடது காலால் மிதிக்கிற மாதிரி பெடலை மாற்றிப் போட்டுக் கொடுத்தாயாம். கையும் குலுக்கினாயாமே!

மூன்று வருஷத்தில் நான் சாதித்தது அந்த ஒரு கால். அதற்கும் மாற்று செய்து கொடுத்துவிட்டாய். நல்ல வேலைக்காரன்.

கணேஸ்வரன் ஒரு நாள் உன்னை வந்து பார்ப்பான். நான் விசாரித்ததாகச் சொல்வான். லேப்டாப்பை எந்தக் கையால் தட்டுவாய், வலதுதானே? பள்ளிக்கூடத்தில் பார்த்தது, மறந்துவிட்டது.

கிஷன்


ஆயர் குரோ
6 ஜூலை 2025

கிஷன்,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். அரைப் பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது.

ஜூன் பத்து, செவ்வாய், காலை பத்து மணி. ஒரு வாடிக்கையாளரின் காருக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தேன். மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் ஷட்டரை இறக்கினான். வாடிக்கையாளர் பின்பக்கமாக ஓடிவிட்டார். என் வலது கையைப் பெஞ்சு வைஸுக்குள் வைத்துத் திருகினார்கள். இரும்பை இறுக்கிப் பிடிக்க நான் வாங்கின வைஸ். ஒவ்வொரு திருகுக்கும் ஒருவன் கேட்டான்: "ஹாஃப் பவர் போதுமாண்ணே? ஃபுல் பவர் போடவா?" மூன்று விரல் நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. எலும்புதான் அது என்று முதலில் விளங்கவில்லை, வைஸில் ஏதோ மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன். அப்புறம் கத்தினேன். நாய் மாதிரி கத்தினேன்டா. பக்கத்து டயர்க் கடைக்காரர் வந்து வைஸைத் திருப்பி எடுத்தார்.

வந்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. வேலை செய்யும்போது கை மாட்டிக்கொண்டது என்றுதான் ஆஸ்பத்திரியிலும் போலீசிலும் சொன்னேன். துவானும் அப்படியே வைத்துக்கொள்ளட்டும். உனக்கு அக்டோபர் இருக்கிறது.

ஷங்கரைப் பற்றிக் கேட்டாயே, கேள். ஊன்றுகோல் இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஏழு வயது மகளோடு வந்தான். பார்த்ததும் என் கையில் இருந்த ஸ்பேனரை அவன் தலையில் இறக்கத் தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது. தினேஷ் எனக்கும் தம்பிதான். ஆனால் அந்தக் கால் போனதில் எனக்கும் பங்கு உண்டு. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் நீ அந்தக் காரில் போயிருக்க மாட்டாய். பெடலை மாற்றிக் கொடுத்தேன். கை குலுக்கவில்லை, உன் சொந்தக்காரன் புளுகியிருக்கிறான். அவன் காரின் எஞ்சினையும் கட்டித்தான் அனுப்பினேன். எண்பதுக்கு மேல் போகாது. அது அவனுக்கே தெரியாது.

எனக்குக் கோபம் வருகிறது, கிஷன். வலியைவிடக் கோபம்தான் அதிகம். எஸ்டேட் பள்ளியில் எட்டு வயதிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனின் கை இது.

திவாகர்


உள்ளேயிருந்து
10 ஆகஸ்ட் 2025

திவாகர்,

உன் விபத்தைக் கேட்டு வருத்தப்பட்டேன். பட்டறை என்றால் மெஷின் நிறைந்த இடம். மிச்சமிருக்கும் கையையாவது ஜாக்கிரதையாக வைத்துக்கொள்.

ஒன்றை மட்டும் உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். என் கால் கடைசி வரை பெடலில்தான் இருந்தது. தரையோடு இருந்தது. தினேஷ் மேல் சத்தியம். நீதிபதியிடமும் அதைத்தான் சொன்னேன். வக்கீல் வேண்டாம் வேண்டாம் என்று தலையால் அடித்துக்கொண்டார். "கொல்லத்தான் போனேன், கார்தான் இழுக்கல" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். இங்கே எல்லாருக்கும் அது தெரியும். அதனால்தான் என் சாப்பாட்டுத் தட்டில் ஒருத்தனும் கைவைப்பதில்லை.

இப்போது விஷயம். காரைப் போலீஸ் விட்டுவிட்டது. பவானேஸ்வரி அதை உன் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு வருவாள், என் மனைவி என்ற மரியாதையில் வாங்கிக்கொள். முன்பக்கத்தைச் சரி செய். அப்புறம் மூன்று வருஷத்துக்கு முன்னால் செய்யாமல் விட்ட வேலையை முடி. இந்த முறை நிஜமான ஃபுல் பவர். செப்டம்பர் முப்பதுக்குள் கணேஸ்வரன் வந்து எடுத்துக்கொள்வான். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தஞ்சோங் கிளிங்கில் மீன் வாங்கப் போக ஆசைப்படுகிறான்.

இதில் தப்பு ஏதும் இல்லையே, துவான்? கார் ரிப்பேர் விஷயம்தான்.

கிஷன்


ஆயர் குரோ
14 செப்டம்பர் 2025

கிஷன்,

கார் வந்தது. பவானேஸ்வரி என் கையைப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ரெக்கார்டர் அதே இடத்தில் இருந்தது. யாரும் தொடவில்லை. காரில் கால் பெடலை எவ்வளவு அமுக்குகிறது, பிரேக் எப்போது விழுகிறது, என்ன வேகம் என்று வினாடிக்குப் பத்து முறை எழுதி வைக்கும். கடைசிப் பதிவு, 2022 நவம்பர் 6, ஞாயிறு, மாலை 5.42. முதலில் படிக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பிறகு படித்தேன். ஒரு பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நீயும் படி.

எட்டு வினாடி பெடல் நூறு சதவீதம். நீ சொன்னது சரி, தரையோடுதான் இருந்தது. கார் இழுக்கவில்லை, தொண்ணூற்றாறைத்தான் தொட்டது. அதற்கு நான் காரணம்.

ஒன்பதாவது வினாடியைப் பார். பெடல் சைபர். அடுத்த வரியில் பிரேக் முழுசாக. மோதுவதற்கு ஒரு வினாடிக்குக் கொஞ்சம் முன்னால். மோதியபோது வேகம் அறுபத்தெட்டு.

காலை எடுத்தாய், கிஷன். ஷங்கரைக் காப்பாற்றியது நான் மட்டும் இல்லை.

ஏன் எடுத்தாய் என்று மூன்று நாள் யோசித்தேன். அப்புறம்தான் அந்தப் பெண் குழந்தை ஞாபகம் வந்தது. பெடல் மாற்றிய அன்றைக்கு நான் வேலை செய்வதை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கையில் நீளமாக ஒரு தழும்பு. எப்படி என்று சும்மாதான் கேட்டேன். "வெள்ள காடி வந்துச்சு அங்கிள். அதுல இருந்த அங்கிள் என்னைப் பாத்தாரு" என்றாள். ஷங்கர் "வாய மூடு" என்று அதட்டினான். அப்போது நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்கு ஷங்கரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் இல்லையா? நானூறு குதிரை இருந்திருந்தால் நூற்றைம்பதில் வந்திருப்பாய். நீ காலை எடுத்தும் பிரயோஜனம் இருந்திருக்காது. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமையில் அவளைக் கூட்டிக்கொண்டுதான் மீன் வாங்கப் போகிறான். கணேஸ்வரன் காலை எடுப்பானா? வைஸைத் திருகும்போது சிரித்தவன்டா அவன்.

ஆமாம், பெயரை எழுதிவிட்டேன். எழுதக்கூடாது என்று நினைத்தேன், கை எழுதிவிட்டது. வெறும் பெயர்தான். என்னிடம் கேட்டால் இப்போதும் விபத்து என்றுதான் சொல்வேன்.

உன் காரின் கம்ப்யூட்டரைக் கழற்றி அந்த வைஸிலேயே மாட்டினேன். இடது கையால் சுத்தியலை எடுத்து, அது தூளாகும்வரை அடித்தேன். ஃபைல் இரண்டையும் அழித்துவிட்டேன். கார் இனி தள்ளினால்தான் நகரும். முப்பதாம் தேதி கணேஸ்வரன் வரட்டும். ஷட்டரைத் திறந்தே வைத்திருப்பேன். ஓட மாட்டேன், எனக்கு வேறு இடமும் இல்லை.

பதிவை நான் யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் உள்ளே உன் மரியாதை போய்விடும். உன்னிடமே அனுப்பிவிட்டேன். கிழிக்க வேண்டுமானால் கிழி.

திவாகர்


உள்ளேயிருந்து
24 செப்டம்பர் 2025

திவா,

உன் கடிதம் நாலு நாளைக்கு முன்னால் கைக்கு வந்தது. அந்தப் பதிவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க நடந்தேன்.

சிவப்புச் செருப்பு. ஒரு கையில் கெரோப்போக் வறுவல் பொட்டலம். வாய் நிறைய மென்றுகொண்டிருந்தாள். காரைப் பார்த்தவள் ஓடவில்லை, என்னையே பார்த்தாள். என் கால் தானாக மேலே வந்துவிட்டது. நான் சொல்லி எடுக்கவில்லை, திவா. அந்த ஒரு வினாடியில் தினேஷை நான் கைவிட்டுவிட்டேன். பதினேழு வெட்டு வாங்கியவனை விட்டுவிட்டு, அவனை வெட்டியவனின் மகளுக்காகக் காலைத் தூக்கிவிட்டேன். அதை நான் எப்படித் தாங்குவேன்? யாரிடம் சொல்வேன்? கார் இழுக்கவில்லை, கார் இழுக்கவில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே நிஜமாகிவிட்டது. தம்புசாமி லிமிட் என்றதும் சாமியே வந்து சொன்ன மாதிரி இருந்தது. எனக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டான். அந்த ஆள் நீ.

முந்தாநாள் சாப்பாட்டு வரிசையில் சத்தமாகச் சொன்னேன்: "கார் மேல குத்தம் இல்ல. நான்தான் கால எடுத்தேன்." முதலில் சிரித்தார்கள். அப்புறம் குளியலறையில் ஐந்து பேர் பிடித்துக்கொண்டார்கள். முன்பல் இரண்டு போய்விட்டது, ஒரு காது கேட்கவில்லை. நீ வைஸில் கத்திய மாதிரி நானும் கத்தியிருப்பேன் என்று நினைக்கிறேன். சரியாக ஞாபகம் இல்லை.

இனி வருவது உனக்கு இல்லை.

துவான், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இதுவரை நீங்கள் படித்த என் மரியாதையான கடிதங்கள் எதுவும் மரியாதையானவை இல்லை. ஜூன் பத்தாம் தேதி ஆயர் குரோவில் திவாகரின் கையை வைஸில் நசுக்கியவன் என் மாமா மகன் கணேஸ்வரன். கூட இரண்டு பேர், பெயர்களை நேரில் சொல்கிறேன். அனுப்பியவன் நான். சனிக்கிழமை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்திருக்க, இந்த வாயால் சொன்னேன். "மீன் வாங்க" என்று எழுதியது ஷங்கரைக் காரால் கொல்லச் சொன்னது. கார் இல்லாவிட்டால் பாராங்கோடு போவான். முப்பதாம் தேதி திவாகரின் பட்டறைக்கும் வருவான். இந்தக் கடிதம் தபாலில் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் முத்திரை குத்துவதற்கு முன்னால் போலீசுக்குப் போன் பண்ணுங்கள். எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ அங்கே போடுகிறேன்.

திவா, அடுத்த அக்டோபரில் நான் வரமாட்டேன். எத்தனை வருஷம் போடுவார்கள் என்று தெரியவில்லை. பவானேஸ்வரியிடம் நீயே சொல், எனக்கு எழுத வரவில்லை. உன்னிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. அந்த மூன்று விரலுக்கு என்ன சொல்லிக் கேட்பது?

இது நேரத்துக்குக் கிடைத்தால், முப்பதாம் தேதி மட்டும் ஷட்டரை இறக்கி வை. இது ஒன்றையாவது கேள்.

முடிந்தது, துவான். போனை எடுங்கள்.

கிஷன்